இன்டர்வியூ லெட்டர் வந்ததும் வயித்தை கலக்குதா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் பெட்டியை திறந்தா எல்லாம் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ கேள்வியாவே இருக்கு. புது சிவிக்ஸ் டெஸ்ட் (அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பத்தி வாய்விட்டு பதில் சொல்ற டெஸ்ட்) வந்ததுல இருந்து அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு இதே டென்ஷன்தான் போல. அதனால மாமியார் கேள்வி, வீட்டு லோன் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நான் டல்லாஸ் பக்கம் இருக்கேன். போன நவம்பர்ல என்-400 (சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் ஃபார்ம்) போட்டேன், இப்ப இன்டர்வியூ லெட்டர் வந்துடுச்சு. சிவிக்ஸ்ல இருக்கற 128 கேள்வியும் எனக்கு தலைகீழா தெரியும், டெய்லி நைட் சாப்பிட்டதும் வீட்டுக்காரர் கேப்பார், டக்கு டக்குனு சொல்லிடுவேன். ஆனா அந்த லெட்டரை பாத்தாலே கை சில்லிட்டு போகுது. காலேஜ்ல வைவா அன்னைக்கு எக்ஸ்டர்னல் முன்னாடி நின்னு ஒரு வார்த்தை வரல எனக்கு, அதே மாதிரி இங்கயும் ஆயிடுமோன்னு பயம். தூக்கமே இல்ல. ஏதாவது மாத்திரை போட்டுக்கலாமா?

பதில்: மாத்திரை விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். உங்க டாக்டர்கிட்ட கேக்காம எதுவும் வேணாம், அவரே குடுத்தாலும் இன்டர்வியூ அன்னைக்கு காலைல முதல் தடவையா போட்டு பாக்காதீங்க, தூக்கம் வந்து மந்தமா உக்காந்தா அதுக்கு இந்த நடுக்கமே தேவலாம்.

இப்ப உங்க லெட்டர்ல எனக்கு கண்ணுல பட்டது ஒண்ணு. கேள்வி கேக்கறது உங்க வீட்டுக்காரர். அவர் குரல் உங்களுக்கு பழக்கம், அவர் இங்கிலீஷ் நம்ம ஊர் இங்கிலீஷ், அவர் பாதி கேள்வி கேக்கும்போதே உங்களுக்கு பதில் தெரிஞ்சுடும். அங்க உக்காந்திருக்கற ஆபீசர் டெக்ஸஸ்காரரா இருக்கலாம், வியட்நாம்ல இருந்து வந்தவரா இருக்கலாம், நைஜீரியாக்காரரா இருக்கலாம், கம்ப்யூட்டரை பாத்துக்கிட்டே வேகமா கேப்பாரு. நிறைய பேர் திணறுறது பதில் தெரியாம இல்லீங்க, கேள்வி காதுல சரியா விழாமதான். அதனால இனிமே வீட்டுக்காரருக்கு லீவு குடுத்துடுங்க. பக்கத்து வீட்டு அம்மா, குழந்தையோட ஸ்கூல் ஃப்ரெண்டோட அப்பா, ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க, யாராவது இந்த ஊர்லயே பொறந்தவங்ககிட்ட ஒரு பத்து நிமிஷம் கேக்க சொல்லுங்க, சந்தோஷமா செய்வாங்க, அவங்களுக்கே பாதி பதில் தெரியாதுன்னு சிரிச்சுக்கிட்டு போவாங்க. நிறைய ஊர்ல பப்ளிக் லைப்ரரில சிட்டிசன்ஷிப் கிளாஸ் ஃப்ரீயா நடக்குது, அங்க மாக் இன்டர்வியூவும் வைப்பாங்க. முன்ன பின்ன தெரியாத ஆள் எதிர்ல உக்காந்து ஒரு தடவை வாய்விட்டு பதில் சொல்லிட்டீங்கன்னா வைவா பயம் பாதி அங்கயே போயிடும்.

கணக்கும் கொஞ்சம் பாருங்க. 2025 அக்டோபர் 20ல இருந்து அப்ளை பண்ணவங்களுக்கு புது டெஸ்ட், நீங்க நவம்பர்னு சொல்றதால உங்களுக்கும் அதேதான். 128ல இருந்து 20 கேள்வி வரைக்கும் கேப்பாங்க, 12 சரியா சொன்னா பாஸ். அதாவது எட்டு கேள்விக்கு தப்பா சொன்னாலும் நீங்க பாஸ்தான். எந்த எக்ஸாம்ல இப்படி ஒரு தாராளம் பாத்திருக்கீங்க? இன்னொண்ணு, 12 சரியா வந்த உடனே ஆபீசர் கேக்கறதை நிறுத்திடுவாரு. இது தெரியாம சில பேர் "ஐயோ, பாதியில நிறுத்திட்டாரே, ஃபெயில் போல"ன்னு அடுத்து ரீடிங் டெஸ்ட்ல சொதப்பிடறாங்க. உங்களுக்கு எண்ணிக்கிட்டே வர தோணும், எண்ணாதீங்க, அடுத்த கேள்வியை மட்டும் கேளுங்க. அந்த தேதிக்கு முன்னாடியே ஃபார்ம் போட்டவங்களுக்கு பழைய டெஸ்ட்தான், 100 கேள்வி, பத்து கேப்பாங்க, ஆறு போதும். வாட்ஸ்அப் குரூப்ல யாரோ அனுப்பற பிடிஎஃப் எந்த டெஸ்ட்டோடதுன்னு பாத்துட்டு படிங்க.

பதிலை வார்த்தை மாறாம ஒப்பிக்கணும்னு அவசியமே இல்ல. "ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டா ஒண்ணு சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க, நமக்குதான் தெரிஞ்சது எல்லாத்தையும் கொட்டற பழக்கம், மூணாவதா ஒண்ணை தப்பா சொல்லி நாமளே குழப்பத்தை இழுத்து விடுவோம். மார்ட்டின் லூதர் கிங் எதுக்கு ஃபேமஸ்னு கேட்டா சிவில் ரைட்ஸுக்கு போராடினார்னு சொன்னா முடிஞ்சுது, அவர் 1959ல இந்தியா வந்து கன்னியாகுமரி வரைக்கும் போனதை எல்லாம் ஆபீசர்கிட்ட சொல்ல வேணாம், ஆனா உங்க ஞாபகத்துக்கு அது நல்லா உதவும். அப்படி நம்ம ஊரோட முடிச்சு போட்டு வச்சது சீக்கிரம் மறக்காது. செனட்டருக்கு ஆறு வருஷம், நம்ம ராஜ்யசபா எம்பிக்கும் ஆறு வருஷம். ஆனா ராஜ்யசபாவுல தமிழ்நாட்டுக்கு 18 சீட்டு, சின்ன மாநிலத்துக்கு ஒண்ணே ஒண்ணு, இங்க கலிஃபோர்னியாவா இருந்தாலும் வயோமிங்கா இருந்தாலும் ஆளுக்கு ரெண்டு, அம்பது மாநிலம், நூறு செனட்டர். இதை ஒரு தடவை யோசிச்சு புரிஞ்சுக்கிட்டா நூறுங்கற நம்பரை மனப்பாடம் பண்ணவே வேணாம். ஹவுஸ்ல (நம்ம லோக்சபா மாதிரி) 435, அதுக்கு வேற வழியில்ல, மனப்பாடம்தான்.

கவர்னர், செனட்டர், உங்க ஏரியா ரெப்ரசென்ட்டேட்டிவ் இவங்க பேரெல்லாம் தேர்தலுக்கு தேர்தல் மாறும். சிட்டிசன்ஷிப் விஷயத்தை பாக்கற அரசாங்க ஆபீஸான யூஎஸ்சிஐஎஸ் சைட்ல டெஸ்ட் அப்டேட்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, முந்தின வாரம் ஒரு தடவை பாத்துக்கோங்க.

ஆனா நான் இவ்வளவு நேரம் பேசினது எல்லாம் இன்டர்வியூல சின்ன பகுதி. பெரிய பகுதி உங்க ஃபார்ம். உங்க பேர், அட்ரஸ், அஞ்சு வருஷத்துல எங்கெங்க வேலை பாத்தீங்க, எப்பப்ப வெளிநாடு போனீங்க, கல்யாண தேதி, பிள்ளைங்க பொறந்த தேதி. சிரிக்காதீங்க, வீட்டுக்காரரோட பர்த்டே கேட்டு முழிக்கறவங்க இருக்காங்க. 128 கேள்வி படிக்கற நேரத்துல பாதியை எடுத்து நீங்க போட்ட என்-400 காப்பியை பிரிண்ட் எடுத்து வாய்விட்டு படிங்க. போட்டதுக்கு அப்புறம் ஊருக்கு போயிட்டு வந்தீங்களா, வேலை மாறிடுச்சா, அதை தனியா ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, ஆபீசர் அங்கயே திருத்திக்குவாரு. கடைசில வர்ற ஆமா-இல்ல கேள்வி வரிசைதான் ரொம்ப பேரை ஆட்டி வைக்கும். எப்பவாவது ஜெனோசைட்ல கலந்துக்கிட்டியா, டார்ச்சர் பண்ணியா, கம்யூனிஸ்ட் பார்ட்டி மெம்பரா, சட்டவிரோத சூதாட்டத்துல சம்பாதிச்சியான்னு ஒரே மூச்சுல கேப்பாரு. நாம "நோ, நோ, நோ"ன்னு பழகி போய், சட்டத்துல சொன்னா நாட்டுக்காக ஆயுதம் ஏந்த தயாரான்னு கேக்கும்போதும் "நோ" சொல்லிடுவோம். அந்த இடத்துல கேள்வி திசை மாறுதுன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. நாப்பது வயசுல என்னை யார் துப்பாக்கி தூக்க கூப்பிடப் போறாங்கன்னு நினைச்சு சிரிக்கற கேள்வி இல்ல அது, அர்த்தம் புரிஞ்சு பதில் சொல்லணும். சில ஆபீசர் நடுவுல நிறுத்தி, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேப்பாங்க, டிக்ஷனரி மாதிரி சொல்ல வேணாம், உங்களுக்கு தெரிஞ்ச எளிமையான இங்கிலீஷ்ல சொன்னா போதும்.

புரியலைன்னா கேக்கலாம். "சாரி, குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தட்?" இதை மட்டும் தூக்கத்துல எழுப்பினாலும் சொல்ற அளவுக்கு பழகிக்கோங்க, 129வது கேள்வின்னே வச்சுக்கோங்க. திருப்பி கேட்டா மார்க் குறையாது. கேக்காம குத்துமதிப்பா "எஸ்" சொன்னாதான் வம்பு.

அன்னைக்கு நடக்கற வரிசை இதுதான். வாசல்ல செக்யூரிட்டி, அப்புறம் வெயிட்டிங் ரூம், பேரை கூப்பிடுவாங்க, நம்ம பேரை கொலை பண்ணிதான் கூப்பிடுவாங்க, காதை தீட்டிக்கோங்க. ஆபீசரே வந்து ரூமுக்கு கூட்டிட்டு போவாரு, போற வழியில "ட்ராஃபிக் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டாருன்னா அது சும்மா பேச்சு மாதிரி இருக்கும், ஆனா உங்க இங்கிலீஷை அவர் அப்பவே கவனிக்க ஆரம்பிச்சுட்டாரு, ரெண்டு வார்த்தை நல்லா பதில் சொல்லுங்க. உள்ள போனதும் உக்காந்துடாதீங்க, வலது கையை தூக்கி உண்மையே பேசுவேன்னு சத்தியம் பண்ண சொல்வாரு. அப்புறம் ஐடி, அப்புறம் சிவிக்ஸ் முதல்ல வரலாம், ஃபார்ம் முதல்ல வரலாம், ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வாக்கியம் படிக்கணும், ஒண்ணு எழுதணும், மூணு தடவை சான்ஸ். இப்ப நிறைய இடத்துல டேப்லெட்லதான், அந்த பேனா நம்ம கைக்கு கொஞ்சம் வழுக்கும், எழுத்து கோணலா வந்தா பதறாதீங்க.

உடம்பு நடுக்கத்துக்கு எனக்கு தெரிஞ்ச ஒரே நல்ல வழி மூச்சுதான். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி மெதுவா விடுங்க, வெளிய விடற மூச்சு நீளமா இருந்தா இதயத்துடிப்பு தானா குறையும். வெயிட்டிங் ரூம்ல உக்காந்து பண்ணா யாருக்கும் தெரியாது. காலைல ரெண்டாவது காபியை தியாகம் பண்ணிடுங்க, ஏற்கனவே படபடப்பு, அதுல காஃபீனையும் ஊத்தணுமா? வெறும் வயித்தோடவும் போகாதீங்க, ரெண்டு இட்லி போதும். உள்ள போனதும் "ஐ ஆம் எ லிட்டில் நெர்வஸ், ஆபீசர்"னு சொல்லிடலாம், தப்பே இல்ல, நெர்வஸா இல்லாத ஆளை அவங்க பாத்திருக்கவே மாட்டாங்க. முக்கால்வாசி ஆபீசர் சிரிச்சுட்டு கொஞ்சம் நிதானமா கேக்க ஆரம்பிப்பாங்க.

கேள்வி: கண்ணு, எனக்கு வயசு 68. மகன் வீட்டுல அட்லாண்டாவுல இருக்கேன், 2009ல கிரீன் கார்டு வந்துச்சு. மகன் போன டிசம்பர்ல சிட்டிசனுக்கு எழுதி போட்டுட்டான். எனக்கு இங்கிலீசு கடைக்கு போயி பால் வாங்கற அளவுக்குதான் வரும். பேரப்புள்ள கேள்வி கேட்டு நான் முழிச்சா கைதட்டி சிரிக்குது. இந்த வயசுல எனக்கு இது தேவையா?

பதில்: அம்மா, தேவையா இல்லையாங்கறது நீங்களும் உங்க மகனும் பேசி முடிவு பண்ண வேண்டியது, ஆனா பயத்துக்காக வேணாம்னு சொல்லாதீங்க, ஏன்னா உங்களுக்கு இங்கிலீஷ் டெஸ்ட்டே கிடையாது. அப்ளை பண்ற அன்னைக்கு 55 வயசு ஆகி, கிரீன் கார்டு வாங்கி 15 வருஷம் ஆயிருந்தா இங்கிலீஷ்ல படிக்கறது, எழுதறது, பேசறது எல்லாத்துக்கும் விலக்கு. நீங்க கிரீன் கார்டு வாங்கி 16 வருஷம் ஆச்சு. சிவிக்ஸ் கேள்வி மட்டும் உண்டு, அதையும் தமிழ்லயே சொல்லலாம், கூட ஒரு இன்டர்ப்ரெட்டர் வரணும், அவ்வளவுதான். உங்க மகன் இதை உங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கணும், நான் திட்டினேன்னு சொல்லுங்க.

ஒரு விஷயம் மட்டும் குழப்பிக்காதீங்க. 65 வயசுக்கு மேல இருந்தா இருவது கேள்வி படிச்சா போதும்னு யாராவது சொல்லியிருப்பாங்க. அது 65 வயசும் ஆகி 20 வருஷம் கிரீன் கார்டும் இருக்கறவங்களுக்கு. அவங்க அந்த இருவதுல இருந்து பத்து கேட்டா ஆறு சொல்லணும். உங்களுக்கு வருஷம் நாலு குறையுது, அதனால 128ம் படிக்கணும், ஆனா தமிழ்ல.

இன்டர்ப்ரெட்டரா மகனையே கூட்டிட்டு போகாம வெளியாள் ஒருத்தரை பாருங்க, வீட்டு ஆள் மேல ஆபீசருக்கு சந்தேகம் வந்தா வேண்டாம்னு சொல்லிடலாம், அதுவும் இல்லாம நீங்க தயங்கற இடத்துல மகனுக்கு உங்களை விட அதிகமா பதறும். அந்த ஆளோட முன்னாடியே ரெண்டு தடவை உக்காந்து பேசுங்க. அவர் "அரசியலமைப்புச் சட்டத் திருத்தம்"னு இலக்கணமா சொல்லி, நீங்க "அமெண்ட்மெண்டு"னு படிச்சிருந்தா அங்க போயி ரெண்டு பேரும் முழிக்கணும். ஒரு நோட்டு போட்டு உங்க கையால தமிழ்ல எழுதுங்க, எழுதினது மனசுல நிக்கும். டிவி சீரியல்ல நாலு தலைமுறை உறவுமுறையை ஞாபகம் வச்சிருக்கற உங்களுக்கு ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதி, ஆபிரகாம் லிங்கன் அடிமைகளை விடுவிச்சவர், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ரெண்டாம் உலகப்போர் சமயத்துல இருந்தவர்ங்கறது எம்மாத்திரம். பேரப்புள்ள சிரிச்சா, நீ தமிழ்ல நூறு வரைக்கும் எண்ணுடான்னு சொல்லுங்க.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணம். 2012ல இஞ்ச வந்து அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டனான், பிறகு கிரீன் கார்ட் கிடைச்சு இப்ப சிட்டிசனுக்குப் போட்டிருக்கிறன். கேள்விகள் பாடம்தான், அதில பிரச்சினை இல்லை. ஆனா ஒபிசர் ஒருத்தருக்கு முன்னால தனிய இருந்து "நீர் எங்க இருந்தனீர், ஆரோட இருந்தனீர்" எண்டு கேள்வி கேட்டா எனக்கு பழைய ஞாபகமெல்லாம் வரும், கை நடுங்கும், தொண்டை காஞ்சு போகும். அதைப் பாத்து நான் பொய் சொல்லுறன் எண்டு அவை நினைச்சா என்ன செய்யிறது?

பதில்: அண்ணா, உங்க கேள்விக்கு மேல சொன்ன இட்லியும் மூச்சும் போதாது, அதனால கொஞ்சம் நேரடியா பேசறேன்.

நடுங்கறதுக்காக யாரையும் ரிஜெக்ட் பண்றதில்ல. அவங்க பாக்கறது நீங்க சொல்றது ஃபைல்ல இருக்கறதோட ஒத்துப் போகுதாங்கறதைத்தான். அசைலத்துக்கு நீங்க குடுத்த ஸ்டேட்மென்ட், கிரீன் கார்டு ஃபார்ம், இப்ப போட்ட என்-400, மூணும் அவர் முன்னாடி இருக்கும். இயக்கத்தோட தொடர்பு இருந்துச்சா, பிடிச்சு வச்சு விசாரிச்சாங்களா, முகாம்ல இருந்தீங்களா, ஆயுதப் பயிற்சி எடுத்தீங்களா, யாருக்காவது காசோ சாப்பாடோ குடுத்தீங்களா, இந்த மாதிரி கேள்வியில சிலது ஃபார்ம்லயே இருக்கு, மத்ததை உங்ககிட்ட நேர்ல விரிவா கேக்கலாம். அமெரிக்கா 1997லயே புலிகளை தீவிரவாத அமைப்பு பட்டியல்ல சேர்த்துடுச்சு, அதனால வற்புறுத்தி வாங்கின காசு, பயந்து போட்ட சோறு கூட இங்க சட்டப்படி பேச்சுக்கு வர்ற விஷயமா ஆயிடும். இதை நீங்களா சமாளிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. இன்டர்வியூக்கு முன்னாடியே ஒரு இமிக்ரேஷன் வக்கீலை பாருங்க, உங்க பழைய அசைலம் பேப்பர் கையில இல்லைன்னா அரசாங்கத்துகிட்ட உங்க ஃபைல் காப்பியை கேட்டு வாங்கலாம், அதுக்கு நாள் ஆகும், அதனால இப்பவே. வக்கீல் உங்க பக்கத்துல உக்காரவும் அனுமதி உண்டு. காசு இல்லைன்னா ஃபீஸ் இல்லாமலோ குறைச்சோ பாக்கற லாப நோக்கமில்லாத அமைப்புங்க நிறைய இருக்கு, சமூக அமைப்புல கேட்டா வழி சொல்வாங்க.

பழைய ஸ்டேட்மென்ட்டை வக்கீலோட உக்காந்து ஒரு வரி விடாம படிங்க. கஷ்டமா இருக்கும், ஆனா அங்க போயி முதல் தடவையா அந்த ஞாபகத்தை சந்திக்கறதுக்கு இங்க ஒரு தடவை சந்திச்சுட்டு போறது மேல். தேதி ஞாபகம் இல்லைன்னா ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க, கற்பனையா ஒண்ணு வேணாம். இருந்ததை இல்லைன்னும் சொல்ல வேணாம்.

இன்னொண்ணும் சொல்றேன். வாசல்ல சோதனை போடறவங்க யூனிஃபார்ம்ல இருப்பாங்க, பையை ஸ்கேன் பண்ணி மெட்டல் டிடெக்டர்ல நடக்க சொல்வாங்க, உங்களுக்கு செக்பாயிண்ட் ஞாபகம் வர்ற இடம் அதுதான், அதை எதிர்பார்த்தே போங்க. உள்ள இருக்கற ஆபீசர் பெரும்பாலும் சாதாரண ஆபீஸ் டிரஸ்லதான் இருப்பாரு. முடிஞ்சா முந்தின வாரமே ஒரு நாள் அந்த பில்டிங் வாசல் வரைக்கும் போயி, பார்க்கிங் பாத்து, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. தூக்கத்துல அலறி எழறது, சத்தம் கேட்டா உடம்பு தூக்கிப் போடறது இதெல்லாம் இன்னும் இருந்தா அதுக்கு டாக்டர் இருக்காங்க, சிட்டிசன்ஷிப்புக்காக இல்லைன்னாலும் உங்களுக்காக போயி பாருங்க.

கேள்வி: ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஸ்பீடிங் டிக்கெட். ஃபைன் 180 டாலர் கட்டியாச்சு. சொல்லணுமா? இதை நினைச்சு நினைச்சே பிபி ஏறுது.

பதில்: சொல்லிடுங்க. ஃபார்ம்ல விட்டிருந்தா இன்டர்வியூ ஆரம்பத்துலயே சொல்லி திருத்திடுங்க. குடி, போதை, அரெஸ்ட் எதுவும் இல்லாத, 500 டாலருக்கு கீழ ஃபைன் போட்ட டிராஃபிக் டிக்கெட்டுக்கு பொதுவா பேப்பர் எதுவும் கேக்கறதில்ல. ஃபைன் கட்டின ரசீது இருந்தா பையில போட்டுக்கோங்க, மனசுக்கு தைரியமா இருக்கும். குடிச்சுட்டு ஓட்டின கேஸ்னா இந்த பத்தி உங்களுக்கு இல்ல, நேரா வக்கீல்கிட்ட போங்க.

கேள்வி: விபூதி வச்சுக்கிட்டு போலாமா? சேலை கட்டலாமா?

பதில்: தாராளமா. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை கட்டற பட்டுச்சேலையை அன்னைக்கு கட்டிக்கிட்டு போயி முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டே பதில் சொல்லாதீங்க. உங்களுக்கு எது வசதியோ அது.

கேள்வி: அக்கா, வெக்கமா இருக்கு, பேர் போடாதீங்க. நான் ஐடில இருக்கேன், மாஸ்டர்ஸ் முடிச்சவன். படிக்காமலே போயிட்டேன், சிவிக்ஸ்ல ஃபெயில். ஆபீசர் ஒரு பேப்பர் குடுத்தாரு. வீட்டுல மட்டும்தான் தெரியும், ஃப்ரெண்ட்ஸ் "என்னாச்சு மச்சி, ஓத் (குடியுரிமை உறுதிமொழி) எப்போ"ன்னு கேக்கறாங்க. இப்ப மறுபடி போகணும்னா முன்ன விட அதிகமா பயமா இருக்கு.

பதில்: தம்பி, அந்த பேப்பரை திருப்பி படிங்க, என்-652ன்னு போட்டிருக்கும், எதுல பாஸ் எதுல இல்லைன்னு அதுலயே குறிச்சிருப்பாங்க. நீங்க பாஸ் பண்ண பகுதியை திரும்ப எழுத வேணாம், இங்கிலீஷ் முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது. முதல் இன்டர்வியூ நடந்த நாள்ல இருந்து 60க்கும் 90க்கும் நடுவுல ஒரு நாள் கூப்பிடுவாங்க, சிவிக்ஸ் மட்டும் கேப்பாங்க, புதுசா ஃபீஸ் கிடையாது. ஆனா இந்த தடவையும் போச்சுன்னா அப்ளிகேஷன் ரிஜெக்ட், மறுபடி போடணும்னா ஆன்லைன்ல 710 டாலர், அதனால இந்த தடவை படிச்சுடுங்க. அந்த தேதியை லெட்டர் வந்த உடனே காலண்டர்ல போட்டுக்கோங்க, சொல்லாம கொள்ளாம போகாம இருந்தா அதுவும் ஃபெயில் கணக்குலதான் போகும்.

உங்களை மாதிரி நல்லா படிச்ச பசங்கதான் இதுல அதிகமா கோட்டை விடறாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பத்து வருஷமா இந்த ஊர்ல இருக்கோம், நியூஸ் பாக்கறோம், தெரியாதா என்னன்னு ஒரு நினைப்பு. கான்ஸ்டிட்யூஷன் எழுதினது 1787ன்னு ஆபீஸ் மீட்டிங்ல யாரும் பேச மாட்டாங்க. திருத்தம் மொத்தம் 27, சுப்ரீம் கோர்ட்ல சீட்டு ஒன்பது, டிக்ளரேஷன் 1776 ஜூலை 4, இதெல்லாம் உக்காந்து படிச்சாதான் வரும். கார்ல போகும்போது கேள்வி ஆடியோவை ஓட விட்டு, பதில் வர்றதுக்கு முன்னாடி நீங்க சத்தமா சொல்லுங்க. கண்ணால படிச்சு தலையை ஆட்டறது படிப்பே இல்ல.

ஃப்ரெண்ட்ஸ் கேட்டா "ப்ராசஸ்ல இருக்கு"ன்னு சொல்லுங்க. அது பொய்யும் இல்ல.

கேள்வி: எனக்கு டெஸ்ட் பயம் இல்ல மேடம். வேற பயம். ஓத்ல பழைய நாட்டு விசுவாசத்தை விட்டுடறேன்னு சொல்லணுமாம். அப்பா கோயம்புத்தூர்ல தனியா இருக்கார், நான் இந்தியாவை விட்டு குடுத்துட்ட மாதிரி ஒரு குத்தல். இன்டர்வியூ நெருங்க நெருங்க ராத்திரி அழுகை வருது.

பதில்: இதுக்கு மூச்சுப்பயிற்சி சொல்ல மாட்டேன், அழுகை வந்தா அழுதுடுங்க. இந்த குத்தல் உங்களுக்கு மட்டும் இல்ல, வெளிய சொல்றவங்க கம்மி.

ஆனா முடிவு எடுக்கறதுக்கு விவரம் தெரிஞ்சிருக்கணும். இந்தியாவுல இரட்டைக் குடியுரிமை கிடையாது, நீங்களா வேற நாட்டு குடியுரிமை வாங்கின அன்னைக்கே இந்தியக் குடியுரிமை தானா போயிடும், 1955ம் வருஷத்து சட்டம் அப்படி. ஓத் எடுத்ததும் இந்திய பாஸ்போர்ட்ல டிராவல் பண்ணக் கூடாது, அதை சரண்டர் பண்ணி சர்ட்டிஃபிகேட் வாங்கணும், அப்புறம் வேற நாட்டு குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கற ஓசிஐ கார்டுக்கு போடலாம். அது கையில இருந்தா அப்பாவை பாக்க விசா இல்லாம எப்ப வேணாலும் போலாம், எவ்வளவு நாள் வேணாலும் இருக்கலாம். ஓட்டு போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. சரண்டர், ஓசிஐ ரெண்டுக்கும் சேர்த்து சில மாசம் ஆகலாம், அந்த நடுவுல அவசரமா கிளம்பணும்னா அமெரிக்க பாஸ்போர்ட்ல விசா எடுத்துதான் போகணும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம்னா இந்த இடைவெளியை யோசிச்சுட்டு தேதி முடிவு பண்ணுங்க, தேவைப்பட்டா கொஞ்சம் தள்ளிப் போடுங்க, கிரீன் கார்டு வச்சுக்கிட்டே இருக்கறதுல எந்த தப்பும் இல்ல. முதல்ல அப்பாகிட்ட போன் பண்ணி இதை சொல்லுங்க. பெரும்பாலான அப்பாக்கள் "இதுக்காம்மா அழுவுற, முதல்ல அதை வாங்கு"ன்னுதான் சொல்வாங்க.

கேள்வி: பாஸ் ஆயிட்டேன்! ஆனா ஆபீசர் அன்னைக்கே முடிவு சொல்லல, "டிசிஷன் கெனாட் யெட் பி மேட்"னு டிக் பண்ணி குடுத்துட்டாரு. இப்ப என்ன ஆகும்?

பதில்: டெஸ்ட்ல பாஸ், ஃபைல்ல இன்னும் ஏதோ பாக்கணும்னு அர்த்தம். சில சமயம் உங்ககிட்ட ஒரு டாக்குமெண்ட் கேட்டு லெட்டர் வரும், சில சமயம் மேலதிகாரி ஒரு தடவை பாத்து கையெழுத்து போடணும். இன்டர்வியூல இருந்து 120 நாளைக்குள்ள முடிவு சொல்லணும்னு சட்டம் இருக்கு, அது தாண்டினா கோர்ட்டுக்கு போற உரிமையும் உங்களுக்கு உண்டு. அதுவரைக்கும் ஆன்லைன் அக்கவுண்ட்டை மணிக்கு ஒரு தடவை திறந்து பாக்காதீங்க, வாரம் ஒரு நாள் போதும். வீடு மாறினா பத்து நாளைக்குள்ள அட்ரஸை மாத்திடுங்க, ஓத் லெட்டர் பழைய வீட்டுக்கு போயிட்டா அது வேற தலைவலி. ஓத் அன்னைக்கு கிரீன் கார்டை மறக்காம எடுத்துட்டு போங்க, அதை வாங்கி வச்சுக்கிட்டுதான் சர்ட்டிஃபிகேட் குடுப்பாங்க.